தீட்டு குறைந்தால் மாத்திரை தீர்வாகாது

ஆசிரியருக்கு,

‘தீட்டு சரியாகப் படவில்லை, கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும்’ என்று பயந்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது சென்னையில் இன்றும் நடக்கிறது. கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. கருப்பையின் உட்படலம் மெலிதாக வளர்ந்தால் உதிர்வதும் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

சாதாரண நாப்கின் ஒன்று முழுக்க நனைந்தால் சுமார் 5 மி.லி. எல்லா நாளும் சேர்த்தே அவ்வளவு படவில்லை என்றால்தான் குறைவு. வயதுக்கு வந்ததிலிருந்தே இரண்டு நாள்தான், ஆனால் மாதம் தவறுவதில்லை என்றால் கவலை வேண்டாம். நன்றாகப் பட்டுவந்தது திடீரெனக் குறைந்தால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் என்று வந்து, அடிவயிற்றில் ஒரு பக்கம் வலியும் இருந்தால் கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பம் இல்லையென்றால், அடுத்து தைராய்டு, பிரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) அளவுகளுக்கு ரத்தப் பரிசோதனை. நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையில் டோம்பெரிடோன் கலந்திருந்தால் பிரோலாக்டின் ஏறும்; அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். தைராய்டு குறைவுக்கு தைராக்சின் மாத்திரை எழுதிக் கொடுத்தால் காலைக் காபிக்கு அரை மணி முன்பாவது, வெறும் வயிற்றில். கருத்தடை மாத்திரையோ கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்போ காரணமென்றால் அது நோயே அல்ல.

பலரும் சொல்ல மறப்பது, கரு கலைந்தபின் கருப்பையைச் சுரண்டிச் செய்த ‘கிளீனிங்’. அழுத்திச் சுரண்டும்போது படலம் முளைக்கும் அடித்தளமே போய், கருப்பைச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். வளரப் படலமே இல்லாத இடத்தில் ஹார்மோன் மாத்திரை என்ன செய்யும்? ஸ்கேனிலும் தப்பிவிடலாம், கருப்பைக்குள் மெல்லிய கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பியில்தான் தெளிவாகத் தெரியும். அதே கருவி வழியாகச் சிறு கத்தரியால் ஒட்டலை வெட்டி, மறுபடி ஒட்டாதிருக்கச் சில நாள் உள்ளே சிறு பலூன் வைத்து, படலம் வளரச் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கொடுப்பார்கள். ஓரிரு மாதத்தில் மறுபடி உள்ளே பார்ப்பது நல்லது, திரும்ப ஒட்டுவது சகஜம்.

சுரண்டலே நடக்காதவருக்கும் ஒட்டல் இருந்தால் நம் ஊரில் காசநோயை நினைத்தாக வேண்டும். இருமலே இல்லாமலும் கருப்பையில் வரும். பரிசோதனைக்காகக் கருப்பையிலிருந்து எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதியைச் சலைனில் (உப்பு நீர்) அனுப்ப வேண்டும். கிருமி உறுதியானால் பொதுவாக 6 மாத மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசம். நோய் குணமானாலும், வடுவான படலம் பல சமயம் திரும்ப வளர்வதில்லை.

– மகளிர் நல மருத்துவர், திருவல்லிக்கேணி, சென்னை