தீர்ப்பு நகலுக்காக மலையிறங்கி வருகிறவர்கள் பொருட்டு

நீதிமன்ற நகல் பிரிவுகளை மேற்பார்வையிடும் மதிப்புக்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் ஓர் இளம் வழக்கறிஞரையும் ஒரு குமாஸ்தாவையும் துணையாகக் கொண்டு, பெரும்பாலும் உரிமையியல் மேல்முறையீடுகளையே நடத்திவருகிறேன். தீர்ப்பின் சான்றிட்ட நகல் தீர்ப்புரைத்த அன்றே, இயலாவிடில் ஒரு வாரத்துக்குள்ளாவது, கிடைக்க வழிசெய்யுங்கள் என்று கேட்பதற்கே இம்மடல்.

அண்மையில் நான் பெற்ற ஒரு நகலின் பின்பக்கத்தில் ஐந்து தேதிகள் இருந்தன: மனு தாக்கலான நாள், கட்டணம் கோரிய நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே 47 நாட்கள். அவற்றில் எங்களால் ஆனது ஒரே நாள்; என் குமாஸ்தா தினமும் காலையில் அறிவிப்புப் பலகையின் முன் நின்று மனு எண்ணைத் தேடிவந்ததால், கட்டணம் கோரிய மறுநாளே செலுத்திவிட்டோம்.

அந்த நகலுக்குரியவர் ஏற்காட்டு மலைக் கிராமமொன்றைச் சேர்ந்த முதிய பெண்மணி. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்த முக்கால் ஏக்கர்தான் வழக்கு. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து ஆறு முறை இறங்கி வந்தார். ஒவ்வொரு முறையும் மஞ்சள் பையிலிருந்து மனு எண் எழுதிய துண்டுச்சீட்டை எடுத்து என் மேசையில் வைத்து, "இன்னிக்காவது வந்துருக்குங்களா சார்?" என்று கேட்பார். ஏழாம் முறை அவர் கேட்க வரவில்லை. நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து நிலத்தை அளந்து எதிர்த்தரப்பிடம் ஒப்படைத்துவிட்டார் என்று சொல்ல வந்தார். கொடியில் மிளகு பறிக்கும் பக்குவத்தில் இருந்ததாம்.

நகல் பெற ஆகும் காலம் மேல்முறையீட்டுக் கெடுவில் சேராமல் கழிக்கப்படுகிறதே, கட்சிக்காரருக்கு என்ன நட்டம் என்கிறார்கள். காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அவருடைய 30 நாள் கெடுவைக் காக்கிறது, நிலத்தைக் காப்பதில்லை. உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 5ஆம் விதிப்படி, மேல்முறையீடு செய்வதே தீர்ப்பை நிறைவேற்றுவதற்குத் தடையாணை ஆகிவிடாது. தடை கேட்க மேல்முறையீடு வேண்டும், மேல்முறையீட்டுக்கு நகல் வேண்டும். தீர்ப்பளித்த நீதிமன்றத்திலேயே தற்காலிகத் தடை கேட்கலாமே என்பீர்கள். கேட்டோம், இரண்டு வாரம் கிடைத்தது, அதற்குள் நகல் வரவில்லை. வென்றவர் நிலத்தைக் கேட்டுப் போட்ட நிறைவேற்றல் மனுவோ, இரண்டாண்டுக்குட்பட்ட தீர்ப்பாணை என்பதால், முன்னறிவிப்புக் கூடத் தேவைப்படாமல் நடந்து முடிந்தது.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. தீர்ப்புரைத்தவுடனே தரப்பினருக்கு நகல் கிடைக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 20ஆம் கட்டளையின் 6-பி விதியே சொல்கிறது. தீர்ப்பை இணையத்தில் ஏற்றிவிட முடிகிற காலத்தில், அதே தாளில் முத்திரையிட்டுத் தர ஏன் 47 நாட்கள் ஆக வேண்டும்? சேலத்தவர் இன்றும் இரண்டாம் மேல்முறையீட்டுக்குச் சென்னைவரை போகிறோம். 2004இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தபோதும் எங்கள் மாவட்டம் அதில் சேரவில்லை. அந்தத் தொலைவைப் பொறுத்துக்கொண்டோம். உள்ளூரிலேயே ஒரு நகலுக்கு இத்தனை நடை என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நகல் பிரிவு ஊழியர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. அவர்களுடைய மேசையில் குவிந்திருக்கும் கட்டுகளை நானும் பார்க்கிறேன். போதிய ஆட்களைத் தாருங்கள். கட்டணம் கோரும்போது மனுதாரரின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ப்புரைத்த அன்றே நகலைத் தரச் செய்யுங்கள்.

அந்த அம்மாவின் மேல்முறையீட்டுக்கு இப்போது எண் கிடைத்துவிட்டது. இழந்த நிலத்தைத் திரும்பப் பெற உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அது அவர் வென்ற பிறகுதான். இன்னொருவருக்கு இந்த நிலை வராதபடி ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்