நூலை உருவுவதும் ஒரு கலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்ராஸ் கட்டத் துணி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'நைஜீரியப் பெண்கள் நம் துணியை விரும்பி வாங்கி உடுத்தினார்கள்' என்ற ஒரே வரியில் அந்நாட்டின் கலபாரி இனப் பெண்களைக் கடந்துவிடுகிறது. அவர்களது துணியின் படத்துக்குக் கீழே 'லேஸ்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அது லேஸ் அல்ல, பூவேலையும் அல்ல. அந்தத் துணியில் ஓர் இழைகூடப் புதிதாகச் சேர்க்கப்படவில்லை. உள்ளதை எடுத்துத்தான் கோலம் பிறக்கிறது.

கலபாரி மக்கள் நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில், புகுமா, அபொனெமா, பகானா ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். சென்னையைச் சுற்றியிருந்த தறிகளில் நெய்து 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்ற பெயரில் கப்பலேறிய 36 அங்குல அகலத் துணியை அவர்கள் 'இஞ்சிரி' என்கிறார்கள். பெண்கள் அதன் வெளிர்நிற இழையை ஊசியால் நெம்பித் தூக்கி, கோலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பிளேடால் அறுத்து, நடுத்துண்டை உருவுகிறார்கள். இதற்குப் பெயர் 'பெலெட்டே பிட்டே', அதாவது வெட்டுநூல் துணி. வெட்டித் துண்டாக்காமல் இழையை நீளவாக்கில் இழுத்தெடுத்தால் அது 'ஃபிமட்டே பிட்டே'. வெள்ளை இழை போன இடத்தில் துணி சல்லடையாகி, கருநீலமும் சிவப்பும் தூக்கலாகத் தெரியும். ஆமை போன்ற பெயருள்ள கோலங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

நெசவு தெரிந்தவர்கள் பழைய கைலித் துண்டில் செய்து பார்க்கலாம். அச்சடித்த கட்டம் உதவாது. இழைக்கே சாயம் ஏற்றி நெய்த கட்டத்தில்தான் ஓர் இழையை எடுத்தால் அந்த நிறக்கோடும் கூடவே போகும். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம். மீதி இழைகள் வழுக்கி நகர்ந்து, எடுத்த இடைவெளியை மூடிவிடும். ஒரே இடத்தில் பாவு (நீள இழை), ஊடை (குறுக்கிழை) இரண்டையும் அறுத்தால் பிடிமானம் போய் ஓட்டை விழும், துவைக்கத் துவைக்கப் பெரிதாகும். கரையைத் தொடவே கூடாது. துவைப்பது கையால் மட்டும், முறுக்கிப் பிழியாமல், நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். தறியிலேயே இடைவெளி விட்டு நெய்த போலியை உருப்பெருக்கியில் பிடித்துவிடலாம்: கையால் வெட்டியதில் இடைவெளியின் இரு முனையிலும் அறுந்த நுனிகள் நிற்கும்.

பெண்கள் இதை வெறும் அலங்காரத்துக்காகச் செய்வதில்லை. பெண்ணின் வாழ்வுப் படிகளைக் குறிக்கும் இரியா சடங்கில் இதை உடுத்துகிறார்கள். இறந்தவரைக் கிடத்தும் 'எடே' கட்டிலையும் அறையையும் குடும்பத்தின் பழந்துணிகளால் அலங்கரிக்கிறார்கள். எந்தத் துணி வெளியே வருகிறது என்பதைப் பார்த்தே ஊர் அந்தக் குடும்பத்தின் பழமையை அறியும். 1958-இல் புகுமாவில் பிறந்த சிற்பி சொக்காரி டக்ளஸ் கேம்ப், 1984-இல் 'சர்ச் எடே' என்ற படைப்பில் அந்தக் கட்டிலையே எஃகில் வடித்தார். துணியும் துக்கமும் ஒரு கலபாரிப் பெண்ணின் கையில் உலோகத்துக்கு வந்தது அங்கேதான். அந்தப் படத்தையும் நீங்கள் வெளியிட்டிருக்கலாம்.

கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவிலும் கருப்பினப் பெண்கள் இதே கட்டத் துணியில் வெளிர் இடங்களுக்குக் கையால் மஞ்சள் வண்ணம் தீட்டித் தலைக்கட்டாக்கினார்கள். அது தனிக் கட்டுரைக்குரியது. நம் நெசவாளரின் உழைப்பைச் சொல்லும்போது, அதற்கு மேல் அந்தப் பெண்கள் செய்த வேலையை 'விரும்பி வாங்கினார்கள்' என்று சுருக்குவது எங்களுக்கு வலிக்கிறது.

அடுத்த இதழில் படக்குறிப்பை 'பெலெட்டே பிட்டே, கலபாரிப் பெண்களின் கைவேலை' என்று திருத்தி வெளியிடுங்கள். படத்தையும் துணிக்குப் பின்னால் வெளிச்சம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முன்னால் விளக்கு அடித்தால் அந்த இடைவெளிகள் கண்ணுக்கே தெரியாது.

இப்படிக்கு,
நெசவுக் கலை ஆர்வலர்கள்,
காஞ்சிபுரம்