சுவர் கேட்பதற்கு முன்னால்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. தூண்கள் மேல் ஓடும் மெட்ரோ பாதை ஓரம் சத்தத் தடுப்புச் சுவர் கேட்டு உங்கள் சங்கம் மனு எழுதுவதாகச் சொல்லியிருந்தாய். கொஞ்சம் பொறுங்கள். எந்தச் சத்தம் என்று தெரியாமல் கேட்டால் சுவரும் வரும், சத்தமும் இருக்கும்.

வளைவில் எழும் கிறீச் சத்தத்தின் சுருதியைக் கவனி. ரயிலின் வேகம் மாறியும் சுருதி மாறவில்லை என்றால், சக்கரம் தண்டவாளத்தின் மேல் பக்கவாட்டில் பிடித்துப் பிடித்துச் சறுக்குகிறது. உராய்வைச் சீராக்கும் பூச்சைத் தண்டவாளத்தின் தலையில் தடவினால் அடங்கும். அங்கே கிரீஸ் மட்டும் கூடாது, பிரேக் பிடிக்காது.

வேகத்தோடு சுருதியும் ஏறினால், தண்டவாளம் அலையலையாகத் தேய்ந்திருக்கும். 5 செ.மீ.க்கு ஓர் அலை என்றால் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 220 அதிர்வுகள். எல்லா ரயிலும் அதே இடத்தில்தான் உறுமும். சாணை பிடித்தால் போய்விடும். ஆனால் சாணைக் கீறல்களால் சில வாரம் புதிதாக ஒரு ரீங்காரம் கேட்கும், அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். அலை மறுபடி விழும் என்பதால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சாணை பிடிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு குறிப்பிட்ட ரயிலில் மட்டும் சீராக 'டக் டக்' என்றால், பிரேக்கில் இழுபட்டு சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகியிருக்கிறது. பணிமனையில் கடைசல் பிடித்தால் தீர்ந்தது.

எனக்குக் கவலை தருவது நீ கடைசியில் எழுதியதுதான்: தரைத்தளத்தில் அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுப்பது. அது பெரும்பாலும் தூண், மண், அஸ்திவாரம் வழியாக ஏறும் அதிர்வு. எவ்வளவு உயரச் சுவரும் அதை நிறுத்தாது. தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கட்டைகளுக்கு அடியில் இன்னும் மென்மையான ரப்பர் பேட் போட வேண்டும். ஓடும் பாதையில் அதை ரயில் இல்லாத நள்ளிரவு நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற முடியும். அதனால் இதை மனுவில் முதலில் வையுங்கள். சுவர், காற்றில் வரும் சத்தத்துக்கு மட்டும்; அதுவும் ஜன்னலிலிருந்து பார்த்தால் சக்கரம் மறையும் உயரம் வேண்டும். மேல்மாடிக்காரர்களுக்குப் பலன் குறைவு.

அளக்க வருகிறவர்கள் 24 மணி நேரச் சராசரி ஒன்றை நீட்டுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கம் கலைவது ஒவ்வொரு ரயிலின் உச்சத்தில்தான். இரவு உச்ச அளவைத் தனியாகக் கேளுங்கள். வழக்கமான டெசிபல் அளவு ஆழ்ந்த உறுமலைக் குறைத்துக் காட்டும், ஆகவே அதிர்வையும் தரையில் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அதுவரை ஒரு நோட்டில் நேரம், போகும் திசை, சத்தத்தின் வகை, எந்த மாடி, எந்தத் தூணுக்கு அருகில் என்று குறித்து வையுங்கள். வாரக் கடைசியில் எனக்கு ஒரு நகல் அனுப்பு. எந்தத் தூணிலிருந்து எந்தத் தூண் வரை என்று மனுவில் குறிப்பிட அது போதும்.

அன்புடன்,
உன் நண்பன்