முழு ஸ்கோர் கார்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் கொல்கத்தாவிடம் சென்னை 103 ரன் மட்டுமே எடுத்துத் தோற்ற செய்தியின் கடைசியில், சேப்பாக்கம் ரசிகர்களுக்குத் தோனி மட்டையோடு இறங்கினால் போதும், அணி தோற்பது ஒரு பொருட்டே இல்லை என்று உங்கள் நிருபர் எழுதியிருந்தார். இரண்டு நாளாக அந்த வரி என்னை விடவில்லை.

நான் ஏப்ரல் 5 அன்று சேப்பாக்கத்தில் இருந்தவன். மகள் டிக்கெட் எடுத்திருந்தாள். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், மூன்றரை மணி வெயிலில் ஆட்டம் பார்த்தேன். டெல்லி 183. நம்மவர்கள் பதினோராவது ஓவரில் 74 ரன்னுக்கு 5 விக்கெட். அதற்குப் பிறகு விக்கெட்டே விழவில்லை, ஆனாலும் 25 ரன்னில் தோற்றோம். விஜய் சங்கரும் தோனியும் ஒன்று ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது எங்கள் வரிசையில் ஒருவரும் பேசவில்லை. பக்கத்தில் இருந்த பையன் மஞ்சள் சட்டையின் நுனியைக் கடித்துக்கொண்டு அழுதான். இது பொருட்டில்லாதவர்களின் அழுகையா, ஐயா?

தோனி வருவதற்காக நம் ஆள் அவுட்டாகும்போது கைதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எனக்கும் அது பிடிக்காது. அதற்காக மொத்த மைதானத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா? 1999 ஜனவரியில் இதே சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில் சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்ற அன்று, தொண்டை அடைக்க எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். உங்களுக்கு அது தெரியாததல்ல.

இந்த முறை என்ன நடக்கிறது என்று எங்களுக்கும் தெரியும். பெங்களூருவிடம் முதல் ஆறு ஓவரில் 30க்கு 3. கொல்கத்தாவிடம் 31க்கு 2. கொல்கத்தாவுக்கு முன்பு தோற்ற நான்கு ஆட்டத்திலும் துரத்த வேண்டியது 180க்கு மேல். தொடக்கத்தில் ரன் வராமல், நடு ஓவர்களில் அடிக்கப் பயந்தால் கடைசியில் யார் வந்து என்ன செய்ய முடியும்? கேப்டன் ருதுராஜும் முழங்கை முறிந்து விலகிவிட்டார். அங்கே குஜராத்துக்கு நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன் 82 அடிக்கிறார். இதையெல்லாம் ஒரு வார்த்தை அலசாமல், குற்றத்தை எங்கள் தலையில் வைத்தீர்கள்.

அலசுவதற்கு முதலில் ஸ்கோர் கார்டு வேண்டும். அதை நீங்கள் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இரவு ஆட்டம், வெளியூர்ப் பதிப்பு சீக்கிரம் அச்சுக்குப் போகிறது என்று முன்பு ஒருமுறை பதில் எழுதினீர்கள். சரி, ஏற்றுக்கொண்டேன். ஆனால் டெல்லி ஆட்டம் இரவு ஏழரைக்கெல்லாம் முடிந்துவிட்டதே! மைதானத்துக்கு வந்த தோனியின் பெற்றோர் படம் மறுநாள் நான்கு பத்தியில் வந்தது. யார் எத்தனை பந்தில் எத்தனை அடித்தார் என்பதற்கு ஒரு பத்தி கிடைக்கவில்லை. மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பை ஆட்டங்களின் கதியைச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாடு கடைசியாகக் கோப்பை வாங்கியது 1988ல். அடுத்த முறை வாங்கினாலும் உங்கள் பக்கத்தில் மூன்று வரிதான் வரும் என்று பயமாக இருக்கிறது.

2010ல் முதல் ஏழு ஆட்டத்தில் ஐந்து தோற்று, பிறகு கோப்பையே வாங்கினோம். அணி எப்படி எழுந்தது என்பதை உங்கள் பத்திரிகையில் வந்த கார்டுகளை வைத்துத்தான் பார்த்தேன். ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்தில் 127 அடித்த கார்டை வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறேன். ஒரு நாள் தாமதமாக வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

நாளை சித்திரை ஒன்று. லக்னோவில் ஆட்டம். ஐந்து தோல்விக்குப் பிறகும் விடிந்ததும் பேப்பரைத்தான் தேடுவேன். அந்த ஆட்டத்திலிருந்தாவது முழு ஸ்கோர் கார்டைப் போடுங்கள். சின்ன எழுத்தில், ஒரு பத்தியில், இரண்டு நாள் கழித்து வந்தாலும் போதும். கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
பாளையங்கோட்டை
13.4.2025