இளங்கோவுக்கு, உன் கையேட்டைப் படித்த பிறகு

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் இளங்கோவுக்கு,

நீ அனுப்பிய பயிற்சிக் கையேடு புதன்கிழமை கூரியரில் வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு துண்டுக் கடிதமாவது இருக்கும் என்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன், இல்லை. தமிழை மட்டும் பார்த்துக் கொடுத்தால் போதும் என்று நீ சொன்னதாகக் கவிதா போனில் சொன்னாள். அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் உன் அப்பா அதை வாங்கிக்கொண்டு போய் எதிர்வீட்டு சாருக்குக் காட்டிவிட்டு வந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. பணி ஓய்வு பெறும்வரை செவிலியர் பள்ளியில் பாடம் நடத்தியவளிடம் எழுத்துப்பிழையை மட்டும் பார்க்கச் சொல்வது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. ஆகவே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். நோய் முற்றிய குழந்தைகளின் வலியைத் தணிப்பதையும் அந்தக் குடும்பத்துக்குத் துணை நிற்பதையும் வட்டாரச் செவிலியர்களுக்குக் கற்பிக்கத் தமிழில் இப்படி ஒன்றை எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெருமை. குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் ஆனந்தின் ஆய்வை முதல் பக்கத்தில் வைத்தது சரியான முடிவு. குறைமாதக் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, அசையாமலிருக்க மருந்து கொடுத்து, வலிக்குப் போதிய மருந்து கொடுக்காமலே அறுவை சிகிச்சை செய்த காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைய பெண்கள் நம்ப மாட்டார்கள். ஃபென்டனில் என்ற வலி மருந்து கொடுத்த குழந்தைகளின் உடல் அறுவையின் அதிர்ச்சியை எவ்வளவு நன்றாகத் தாங்கியது என்பதையும், பின்னால் வரும் சிக்கல்கள் எவ்வளவு குறைந்தன என்பதையும் இந்தூரில் மருத்துவம் படித்த ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து எடுத்துக்காட்டியது 1987-இல்தான். நான் அப்போது வேலையில் இருந்தேன். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

வலியை அளக்கும் பாடத்தில் முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுவது என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறையைத் தெளிவாக எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த அளவுகோல் ஏமாற்றும் இடத்தை நீ எழுதவில்லை. பல நாள் வலியோடு கிடந்த குழந்தை அழுவதை நிறுத்திவிடும், காலை உதைக்காது, பொம்மையை நீட்டினால் பார்க்காது, ஊசி போட்டால்கூடக் கையை இழுக்காது. மதிப்பெண் 1 அல்லது 2 வரும். இரவுப் பணியில் இருப்பவள் 'குழந்தை அமைதியாக இருக்கிறது' என்று ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவாள். அமைதியாக இருக்கிறது என்று எழுதிய ஒவ்வொரு குழந்தையிடமும் மறுநாள் காலையில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதைத் தனிப் பத்தியாக எழுது. வலி மருந்து கொடுத்த அரைமணி, ஒரு மணி நேரத்தில் அப்படிப்பட்ட குழந்தை அம்மாவைத் தேட ஆரம்பிப்பதைப் பார்த்தால்தான் முன்பு இருந்தது அமைதி அல்ல என்று தெரியும். நீயும் போனில் 'நல்லா இருக்கேன்மா, வார்டுக்குப் போகணும்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை.

மார்ஃபின் பாடத்தில் இரண்டு திருத்தம். மூன்று படியாக இருந்த வலி மருந்து முறையைக் குழந்தைகளுக்கு இரண்டு படியாக்கியதற்கும், கோடீன் என்ற வலி மருந்தை விலக்கியதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 2012 வழிகாட்டியை மட்டும் காட்டியிருக்கிறாய். அந்த வழிகாட்டி 2019-இல் திரும்பப் பெறப்பட்டு, குழந்தைகளின் நாள்பட்ட வலிக்கென்று 2020-இல் புதியது வந்தது உனக்குத் தெரியாமல் இருக்காது; அதையும் சேர். கோடீன் ஏன் கூடாது என்பதற்குச் சட்டத்தைவிடக் காரணம் மனதில் நிற்கும்: சில குழந்தைகளின் உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றும், சிலரின் உடல் மாற்றவே மாற்றாது, எந்தக் குழந்தை எந்த வகை என்று பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது திருத்தம் கணக்கு. 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்றால் 2,400 மைக்ரோகிராம், அதாவது 2.4 மில்லிகிராம். புள்ளி ஓரிடம் நகர்ந்தால் 24. இதை அச்சில் படித்தால் போதாது. ஒவ்வொருவரையும் பலகைக்கு அழைத்துப் போடச் சொல். கையேட்டின் 11-ஆம் பக்கத்தில் உன் அச்சகமே புள்ளியை விழுங்கியிருக்கிறது, சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். போன மாத எடையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பதையும் எழுது. இந்தக் குழந்தைகளின் எடை வாரத்துக்கு வாரம் இறங்கும். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும் என்பதை நீ அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய். மலச்சிக்கலால் துடிக்கும் பிள்ளையைப் பார்த்து 'இந்த மருந்தே வேண்டாம்' என்று சொல்லும் தாய்மார்களை நீ என்னைவிட அதிகம் பார்த்திருப்பாய்.

மார்ஃபின் மீதுள்ள பயத்தைப் பற்றியும் கொஞ்சம் எழுது. எங்கள் காலத்தில் இரட்டைப் பூட்டு அலமாரி, ஒரு ஷிஃப்டிலிருந்து அடுத்த ஷிஃப்டுக்குச் சாவியோடு கையெழுத்து, காலி ஆம்பூலை எண்ணித் திருப்பிக் கொடுப்பது என்று எல்லாம் இருந்தன. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கவே பல உரிமங்கள் வேண்டியிருந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு அங்கீகாரம் எளிதானது. ஆனால் அலமாரியின் பயம் இன்னும் மூத்த செவிலியர்களின் கையில் இருக்கிறது. அவர்களைக் கேலி செய்யாமல் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுத்தால் அவர்களே இளையவர்களுக்குச் சொல்வார்கள்.

இனிக் குறை. உன் உதாரணங்கள் எல்லாம் புற்றுநோய்க் குழந்தைகள். நீ இருக்கும் வார்டு அது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் போகும் செவிலியருக்கு எதிர்ப்படுவது பெரும்பாலும் மூளை முடக்குவாதப் பிள்ளையும், தசைச் சிதைவால் நாற்காலியில் இருக்கும் பையனும், ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்கும் தலசீமியா பெண்ணும்தான். நோய் கண்டறிந்த நாளிலேயே இந்தக் கவனிப்பு தொடங்க வேண்டும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998-லேயே சொன்னதை நீ மேற்கோளாகப் போட்டிருக்கிறாய். உதாரணங்கள் அதற்கு எதிராக இருக்கின்றன. மடியில் மல்லாத்தி வைத்துக் கஞ்சி ஊட்டுவதால் புரையேறிப் புரையேறி நெஞ்சுச் சளியில் போய் முடிகிற பிள்ளைகள் எத்தனை! முதுகை நிமிர்த்தி, கழுத்தைச் சற்றே முன்னால் சாய்த்து, சின்னக் கரண்டியால் ஊட்டுவது எப்படி என்று தாயின் கையைப் பிடித்துக் காட்டும் பயிற்சிக்கு அரைநாள் ஒதுக்கு. கேரளத்தில் 2008-இலேயே அரசு இந்த வலி தணிப்புக் கவனிப்புக்கென்று ஒரு கொள்கை வகுத்து உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்ததைப் பற்றி நீ இரண்டு பக்கம் எழுதியிருப்பதைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

குழந்தையிடம் பேசுவது பற்றிய பாடத்தை இரண்டு தடவை படித்தேன். சுவீடனில் புற்றுநோய்க்குப் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் புதிது: மரணத்தைப் பற்றிக் குழந்தையிடம் பேசிய 147 பேரில் ஒருவர்கூட வருந்தவில்லை, பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். ஆனால் இதைச் செவிலியருக்கு ஒரு கட்டளைபோல எழுதாதே. நம் வீடுகளில் கட்டிலைச் சுற்றி ஆச்சி, மாமா, பெரியப்பா எல்லோரும் இருப்பார்கள். யார் சொல்வது, யாரைக் கேட்டுச் சொல்வது என்பதே பெரிய வழக்காக நடக்கும். அந்தச் சுவீடன் கணக்கிலேயே பேசாத பெரும்பாலோர் வருந்தவில்லை என்பதையும் நேர்மையாக எழுது. குழந்தை கேட்கும் இடத்தில்தான் பயிற்சி வேண்டும். பகலில் வரும் டாக்டரிடம் எந்தக் குழந்தையும் கேட்காது; விளக்கணைத்த பிறகு டிரிப்ஸ் மாற்ற வரும் அக்காவிடம்தான் 'நான் செத்துப் போயிருவேனாக்கா' என்று கேட்கும். 'சீச்சீ, அப்படியெல்லாம் பேசக் கூடாது' என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அது யாரிடமும் கேட்காது. 'ஏன்டா கண்ணு, உனக்கு அப்படித் தோணுதா' என்று கேட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டிருக்கப் பழக்கு. நடித்துக் காட்டச் சொன்னால் முதல் நாள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இரண்டாம் நாள் சிரிக்க மாட்டார்கள்.

அண்ணன், அக்கா, தங்கைகளைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதை நீ ஏன் ஒரு வரியில் முடித்தாய் என்று நான் கேட்கப் போவதில்லை. பாப்பாவின் அந்தப் பங்குனியில் உங்கள் இருவரையும் கோவில்பட்டிச் சித்தி வீட்டுக்கு அனுப்பியதைத் தவறென்று நான் இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன்; அன்று எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், எனக்கும் வேறு வழி இல்லை. ஆனாலும் உன் பயிற்சியில் அதற்கு ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் செவிலியர் மற்றப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், அடுத்த தடவை அவர்களிடமும் பேச வேண்டும், 'நீ சண்டை போட்டதால் வந்த நோய் அல்ல இது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசி நாள்களில் மூச்சு எப்படி மாறும், கைகால் எப்படிச் சில்லிடும், தொண்டையில் ஏன் சத்தம் வரும் என்று முன்கூட்டியே வீட்டாருக்குச் சொல்லாமல் விட்டதால், நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஊர் ஊராக அலைந்து வழியிலேயே பிள்ளையை விட்டவர்களை உனக்கும் தெரியும். அதையும் இந்த மணி நேரத்திலேயே சேர்க்கலாம்.

கடைசிப் பாடத்துக்கு வருகிறேன். 'பணியாளரின் மனநலம்' என்று தலைப்பு, கீழே எட்டு வரி. யோகா, தியானம், போதிய உறக்கம், சத்தான உணவு. இளங்கோ, நாற்பது பக்கம் இவ்வளவு நுணுக்கமாக எழுதிய கை இந்த எட்டு வரியையும் எழுதியது என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒரு குழந்தை போன மறுநாள் காலையில் அந்தக் குழந்தையைப் பார்த்த எல்லோரும், துப்புரவுப் பணியாளர் உட்பட, கால்மணி நேரமாவது சேர்ந்து உட்கார வேண்டும். அதை யார் கூட்டுவது, இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போய்விட்டவளுக்கு யார் போன் செய்வது, ஒரு மாதம் கழித்து அந்தத் தாயைப் பார்க்கப் போகும் செவிலியரோடு யார் துணைக்குப் போவது என்று பெயரோடு எழுத வேண்டும். மார்ஃபின் அளவை எழுதும் துல்லியம் இதற்கும் வேண்டும். டாக்டர்களை அந்தப் பட்டியலில் நீ சேர்க்கவே இல்லை.

அக்கா குழந்தைக்குப் பெயர் வைத்த அன்று நீ பந்தி பரிமாறினாய், வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலம் கொடுத்தாய், குழந்தையை மட்டும் தூக்கவில்லை. அக்கா கவனித்தாளா என்று தெரியாது. மாசி மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் நீ வார்டுக்குப் போவதாகக் கவிதா சொன்னாள். அவளாகச் சொல்லவில்லை, நான்தான் கிண்டிக் கேட்டேன், அவளைக் கோபிக்காதே. அந்தக் கடைசிப் பாடத்தை நீயே திருப்பி எழுதுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறேன். அடுத்த அணி செவிலியர்கள் வரும்போது அந்தக் கடைசி வகுப்பை நான் வந்து எடுக்கிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ்ப்படுக்கையாக டிக்கெட் போட அப்பா போயிருக்கிறார். எனக்கு மைக், புரொஜக்டர் எதுவும் வேண்டாம். ஒரு பலகையும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளும் போதும். நாற்காலியில் ஒன்று உனக்கு. ரவுண்ட்ஸ் இருக்கிறது, மீட்டிங் இருக்கிறது என்று நடுவில் எழுந்து போகக் கூடாது. தேதியை மட்டும் கவிதாவிடம் சொல்லாமல் நீயே போனில் சொல்.

உன் அம்மா