சாலையோர வரலாற்றுப் பலகைகள்: பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நாம் வசிக்கும் ஃபோர்சைத் கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) வரலாற்றுப் பலகைகளுக்குத் தமிழில் ஒரு கையேடு போடுவது என்று பொதுக்குழுவில் எடுத்த முடிவு நிறைவேறிவிட்டது. கையேடு அச்சாகி வந்துவிட்டது, ஒலிப்பதிவும் தயார். ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கும் பெற்றோர்கள், “அந்தப் பச்சைப் பலகையில என்னப்பா எழுதியிருக்கு?” என்று கேட்கக் கேட்கத்தான் இந்த யோசனையே வந்தது.

ஜார்ஜியாவின் பழைய பலகைகளில் பெரும்பாலானவை 1950களில் மாநில வரலாற்று ஆணையம் வைக்கத் தொடங்கியவை. வார்ப்பு அலுமினியம், புடைத்த எழுத்துகள். வசந்த காலத்தில் பைன் மரத்து மகரந்தம் எழுத்துகளின் இடுக்கில் மஞ்சளாக அப்பிக்கொள்கிறது. பொறுப்பில் உள்ளவர்களிடம் அனுமதி வாங்கி, மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் மட்டும் வைத்துக் கழுவினோம். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டோம், பெயின்ட் உரிந்துவிடும்.

கையேட்டில் ஒரு வழக்கத்தை விடாமல் கடைப்பிடித்திருக்கிறோம். பலகை சொல்வதை எழுதியதும், அதை யார், எப்போது வைத்தார்கள் என்பதையும் அங்கேயே எழுதினோம். 1950களில் எழுதியவர்கள் எதைச் சொல்ல நினைத்தார்கள், எதை விட்டார்கள் என்பது அந்த வருடத்தைப் பார்த்தால்தான் பிடிபடும்.

முதல் நிறுத்தம் கவுன்ட்டியின் பெயர்ப் பலகை. இந்தக் கவுன்ட்டி 1832 டிசம்பரில் உருவானது. ஆளுநராகவும் வெளியுறவுச் செயலராகவும் இருந்த ஜான் ஃபோர்சைத்தின் பெயர் அது. அதே 1832இல்தான் இந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் நிலத்தைக் குலுக்கல் சீட்டுப் போட்டு ஜார்ஜியா வெள்ளையர்களுக்குப் பங்கு பிரித்தது, செரோக்கிகள் அங்கே குடியிருக்கும்போதே. அவர்கள் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று அதே வருடம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் பலனில்லை. 1838இல் ராணுவத்தை விட்டு அவர்களை மேற்கே விரட்டினார்கள். வழியிலும் முகாம்களிலும் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர். இதை இரண்டு பக்கத்துக்கு விரித்து எழுதியிருக்கிறோம்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது பூல்ஸ் மில் மூடுபாலம்தான், அதாவது கூரையும் பக்கச் சுவரும் வைத்த மரப்பாலம். செட்டன்டவுன் ஓடையின் மேல் 1901இல் கட்டியது. முதலில் வேலை எடுத்தவர் மரச்சட்டங்களில் துளைகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டார், வேறொருவர் வந்து முடித்தார். உபயோகப்படாத அந்தத் துளைகளைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிப்பதைப் பார்க்க வேண்டும்! பாலத்துக்கு முன்பே ஜார்ஜ் வெல்ச் என்ற செரோக்கிக்காரர் அங்கே மாவு ஆலை நடத்தியிருக்கிறார்.

குழுவில் நீண்ட விவாதம் நடந்தது ஒரே ஒரு பலகையைப் பற்றித்தான். கவுன்ட்டியின் தலைநகரான கம்மிங்கின் மையத்தில் 2021 ஜனவரியில் நிறுவிய பலகை அது, 1912இல் இங்கே நடந்த இனவெறிக் கொடுமையைப் பற்றியது. 1912 செப்டம்பரில் மே குரோ என்ற பதினெட்டு வயது வெள்ளையினப் பெண் தாக்கப்பட்டு, பிறகு இறந்தார். விசாரணை எதுவும் நடக்கும் முன்பே ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பினத்தவரைக் கும்பல் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றது. எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல் என்ற இரண்டு பதின்வயதுக் கறுப்பினப் பையன்களை அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தூக்கிலிட்டார்கள். இரவில் வந்தவர்கள் கறுப்பினத்தவரின் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் தீ வைத்தார்கள். கவுன்ட்டியில் இருந்த ஏறத்தாழ 1,100 கறுப்பினத்தவரும் சில மாதங்களில் அநேகமாக மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். பலருடைய நிலம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

சின்னப் பிள்ளைகள் படிக்கும் கையேட்டில் இது வேண்டுமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கொலையின் விவரங்களைச் சுருக்கி, பெயர்களையும் தேதிகளையும் அப்படியே வைப்பது என்று கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். நம் வீடுகள் இருக்கும் கவுன்ட்டி இது. இந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் பாலத்தை மட்டும் காட்டுவது சரியாகாது என்பதே குழுவின் கருத்து.

அந்தப் பக்கத்தை அடுத்து 1987 வருகிறது. ஜனவரி 17 அன்று, குடியுரிமை இயக்கத் தலைவர் ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் இனவெறியை எதிர்த்து வந்த சிறு ஊர்வலத்தின் மேல் கல் விழுந்தது. அடுத்த வாரம், ஜனவரி 24 அன்று, தேசியக் காவல் படையின் பாதுகாப்போடு ஏறத்தாழ 20,000 பேர் கம்மிங்கில் நடந்தார்கள். நம்மில் பலர் வேலைக்குப் போய்வரும் நெடுஞ்சாலை 400ஐ ஒட்டி ஊர் வளர்ந்ததெல்லாம் அப்புறம்தான். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,51,000, அதில் ஆசிய வம்சாவளியினர் கிட்டத்தட்ட 18 சதவீதம். 1987 ஊர்வலம் இல்லாமல் நாம் இங்கே இவ்வளவு நிம்மதியாக வீடு வாங்கியிருக்க முடியுமா என்று குழுவில் ஒரு மூத்த அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை அவர் அனுமதியோடு முன்னுரையில் சேர்த்திருக்கிறோம்.

பலகைகளைக் கழுவ வந்த பிள்ளைகளுக்கும், குரல் கொடுத்தவர்களுக்கும், மெய்ப்புப் பார்த்த ஆசிரியர்களுக்கும் குழுவின் நன்றி. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து பொதுக்குழுவில் வைக்கப்படும், மிச்சத் தொகையை அடுத்த பதிப்புக்கு ஒதுக்கப் பரிந்துரைக்கிறோம். குடும்பத்துக்கு ஒரு பிரதி, தமிழ்ப்பள்ளி வகுப்பு முடியும் நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம். வசந்தம் முடிந்ததும் பலகைகளை மறுபடி கழுவ வேண்டியிருக்கும், வர விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் இப்போதே பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
பணிக்குழு