கடல் இல்லாத ஊருக்கு விதி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கும் வடிகாலுக்கும் உள்ள விதிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மத்திய அரசின் 1991 கடலோர அறிவிக்கை, கடல்நீர் ஏறும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுப்பாடு, எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: “தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மேட்டு மாவட்டங்களுக்கு இந்தக் கவலை இல்லை.” எழுதிய புண்ணியவான் 2024 டிசம்பர் 1 ராத்திரி எங்கள் வீட்டில் படுத்திருக்க வேண்டும்.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். கொட்டித் தீர்த்தது ஊத்தங்கரையில், ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பரசன் ஏரி நிரம்பி, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனது தாங்கள் அறியாததல்ல. எங்கள் வீட்டில் காலி சிலிண்டர் மிதந்துவந்து சாமி அறைக் கதவை இடித்த சத்தத்தில்தான் விழித்தோம். சேறு விட்ட கோடு சுவிட்சுப் பெட்டிக்கு ஒரு சாண் கீழே இன்னும் இருக்கிறது. வெள்ளையடிக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

வீட்டுக்குள் வந்தது ஏரித் தண்ணீர்கூட இல்லை ஐயா, சாக்கடை. தெருக்கோடியில் ஓர் ஓடை உண்டு. சிறுவயதில் அதில் கெண்டை பிடித்திருக்கிறேன். வருவாய்த்துறைப் புலப்படத்தில் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. தரையில் மண்ணடித்து மனை போட்டு, குறுக்கே காம்பவுண்டுச் சுவரும் எழுப்பியாயிற்று. பிறகு தெருவுக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டினார்கள், எங்கள் வாசற்படியைவிட ஒன்றரை அடி உயரத்தில்! அது நேரே போய் அந்தச் சுவரில் முட்டி நிற்கிறது. அப்புறம் தண்ணீர் எங்கே போகும்?

ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே சட்டம் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு ஐந்து கொடுத்தாயிற்று. சர்வேயர் வந்தார், அளந்தார், டீ குடித்தார், போனார். 2003-ல் மழைநீர் சேகரிப்புக்கு வந்த வேகம் என்ன! குழாய் இறக்காவிட்டால் குடிநீர் இணைப்பு கட் என்று மிரட்டினார்கள். கடன் வாங்கி இறக்கினேன். அன்று ராத்திரி அந்தச் சேகரிப்புக் குழியும் கொப்பளித்து வெளியே வந்தது.

இன்னொன்று. முன்பு நான் எழுதிய கடிதத்தின் கீழே “ஊத்தங்கரை, தருமபுரி மாவட்டம்” என்று அச்சிட்டீர்கள். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியிலேயே தனி மாவட்டமாகி, இருபது வருடம் தாண்டிவிட்டது. பெரியவர்களின் தவறைச் சுட்டக் கூடாது என்று சும்மா இருந்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் நாலடி இடித்து, இரண்டு சிமெண்டுக் குழாய் பதித்து, கால்வாயை ஏரி வாய்க்காலோடு சேர்த்துவிட்டால் போதும். தங்கள் இதழில் நாலு வரி வந்தால் உரியவர்கள் கண்ணில் படும். மாவட்டப் பெயரை மட்டும் பார்த்துப் போடவும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
ஊத்தங்கரை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.